வேகத்தை விதிப்பவர் யார்?

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியில் இரவு பத்து மணிக்கு மேல் சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்கு ஒன்று தெளிவாகும். பகலில் அவ்வழியை ஆள்பவை பஸ் வண்டிகளும் முச்சக்கர வண்டிகளும். இரவில் ஆள்பவை லொறிகள். மரக்கறி, அரிசி, சீமெந்து, கோழித்தீன், சோடாப் போத்தல் என்று நாட்டின் வயிறும் வாணிபமும் அவற்றின் முதுகில் ஏறிப் போகின்றன. அவற்றுட் பெரிய கம்பெனிகளுக்கு உழைக்கும் சில லொறிகளில், சாரதியின் கண்ணுக்கு நேரே ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கும்: மணிக்கு இத்தனை கிலோமீற்றருக்கு மேல் ஓட்டலாகாது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்று. அதே சாரதியின் சட்டைப்பையிற் கிடக்கும் கைத்தொலைபேசி அரைமணிக்கொருதரம் ஒலிக்கும்: எங்கே வந்துவிட்டாய், இன்னுமா நாலந்தா தாண்டவில்லை என்று. அறிவித்தலை ஒட்டியவரும் கம்பெனியார். கூப்பிட்டுக் கேட்பவரும் கம்பெனியார். இவ்விரு கட்டளைகளில் எதற்குச் சாரதி கீழ்ப்படிய வேண்டும் என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

இது ஏதோ போக்குவரத்துப் பொலிஸாருக்கும் லொறிக்காரருக்கும் இடையிலுள்ள சில்லறைத் தகராறு என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஆண்டுதோறும் இந்நாட்டு வீதிகள் 2000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொள்கின்றன. யுத்தம் ஓய்ந்த நாட்டில், யுத்தத்தில் மாண்டவர்க்கு எழுப்புவது போல இவர்களுக்கு எவரும் தூபி எழுப்புவதில்லை. 2025 மே 11ஆம் திகதி, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போய்க்கொண்டிருந்த அரசாங்க பஸ் ஒன்று கொத்மலையில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, சாரதிகளின் உறக்கத்தைப் பற்றியும் ஓய்வைப் பற்றியும் நாடே சில நாட்கள் பேசிற்று. பேச்சு பஸ்ஸோடு நின்றது. லொறியில் பிரயாணிகள் இல்லை; ஆகவே லொறிச் சாரதியின் உறக்கம் யாருக்கும் பொருட்டில்லை போலும்! அந்த லொறிக்கு எதிரே வருகிற பஸ்ஸிலும், அது உரசிப் போகிற பாடசாலை மதிலோரத்திலும் மனிதர் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

மாத்தளை மாவட்டத்தை நாம் குறித்துச் சொல்லக் காரணம் உண்டு. ஏ-9 என்று அரசாங்க ஏடுகளில் எழுதப்படும் பாதை கண்டியில் தொடங்கி, அக்குறணை தாண்டி, பலகடுவ ஏற்றத்தை ஏறி இறங்கி மாத்தளைக்கு வருகிறது. அங்கிருந்து அலுவிகாரை, நாலந்தா, நாவுல வழியாகத் தம்புள்ளைக்குப் போய், அப்பால் வவுனியா, கிளிநொச்சி கடந்து யாழ்ப்பாணம் சேர்கிறது. தம்புள்ளையில் அதனைக் குருநாகலிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ-6 பாதை சந்திக்கிறது. மேற்கு, கிழக்கு, வடக்கு, மலைநாடு என்ற நான்கு திக்கும் கைகோக்கும் அந்த இடத்தில்தான் 1999ஆம் ஆண்டில் அரசாங்கம் பொருளாதார மத்திய நிலையம் என்ற பெருஞ்சந்தையைத் திறந்தது. வெலிமடை உருளைக்கிழங்கும், யாழ்ப்பாணத்து வெங்காயமும், கலேவெலப் பக்கத்துப் பெரிய வெங்காயமும் அங்கே வந்து குவிகின்றன. நுவரெலியாவில் பிடுங்கிய கரட் கண்டியையும் மாத்தளையையும் கடந்து தம்புள்ளைக்கு வந்து, அங்கே விலை பேசப்பட்டு, வந்த வழியே கண்டிக்குத் திரும்பும் விந்தையும் அங்கே நடக்கிறது. கரட்டுக்கு வாயிருந்தால் சிரிக்கும். லொறிச் சாரதியால் அதுவும் முடியாது.

இத்தனை பெரிய சந்தைக்குப் புகையிரதம் கிடையாது. 1880இல் மாத்தளைக்கு வந்து சேர்ந்த இருப்புப்பாதை அங்கேயே நின்றுவிட்டது. குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாக ஹபரணைக்கு ஒரு பாதை போடுவது பற்றிய பேச்சு எத்தனையோ மந்திரிமாரைக் கண்டுவிட்டது. தண்டவாளத்தைத்தான் இன்னும் காணவில்லை. ஆகவே ஒவ்வொரு மூட்டையும் டயரின் மேல்தான் போக வேண்டும். வடக்கே இப்பாதை போரினால் அடைபட்டு, 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடி, 2009-க்குப் பின்னர் முற்றாகத் திறந்தபோது யாழ்ப்பாணத்துச் சரக்கும் இதே வழியில் சேர்ந்துகொண்டது. வண்டிகள் பெருகின. ஆனால் மாத்தளைப் பட்டணத்தின் கடைத்தெரு அகன்றுவிடவில்லை. முத்துமாரியம்மன் கோயில் வாசலும், அலுவிகாரையின் படிக்கட்டும், நாலந்தா வரை வழிநெடுகிலும் சுற்றுலாப் பஸ்கள் திடீரென்று திரும்பி நுழையும் வாசனைத் திரவியத் தோட்டங்களும் பாதையை ஒட்டியே இருக்கின்றன. மாசிமகத்தன்று அம்மன் தேர் வெளிக்கிளம்புகிறபோது மட்டுமே லொறி அங்கே மனித நடைக்கு இறங்குகிறது.

இந்தப் பாதைக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. கோப்பித் தோட்டக் காலத்தில், தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிய நம் மக்கள் காட்டினூடே நடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாகத்தான் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர் தொகையை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. இத்தனை நாளில் இத்தனை பேரைத் தோட்டத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. நடக்க மாட்டாதவனைப் பற்றி அந்தக் கணக்கில் பத்தி கிடையாது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று தோட்ட வேலையை விட்டு லொறியில் உதவியாளராக ஏறி, பின்னர் சாரதியாக அமர்ந்து, அதே வழியில் இரவோடிரவாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நடை போய் டயர் வந்தது. நேரக் கணக்கு மட்டும் மாறவில்லை.

இனி வேகத்தைப் பற்றிச் சொல்வோம். வேகம் ஒன்றரை மடங்கானால் ஆபத்தும் ஒன்றரை மடங்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மணிக்கு 40 கிலோமீற்றரில் போகிற வண்டியை 60-க்கு உயர்த்தினால், அதை நிறுத்தும்போது பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்காகிறது. அதுவும் பிரேக் பிடித்த பிறகு வரும் கணக்கு. எதிரே ஒரு பிள்ளை ஓடிவருவதைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பெடலுக்குப் போவதற்கு ஒன்றரை வினாடி ஆகிறதென்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்திற்குள் 40-இல் போகும் வண்டி சுமார் 17 மீற்றரும், 60-இல் போகும் வண்டி 25 மீற்றரும் பிரேக் தொடாமலே முன்னேறிவிடும். பதினான்கு மணிநேரம் விழித்திருந்த கண்ணுக்கு ஒன்றரை வினாடி போதாது என்பதை மருத்துவர் சொல்லி அறிய வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய லொறியின் சங்கதி இன்னும் வேறு. பலகடுவ போன்ற இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அதன் டிரம் சூடேறி, பிடி தளர்ந்து, கடைசி வளைவில் பெடல் வெறுமனே கீழே போய்விடும். கீழ்க் கியரில், எஞ்சினே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும்படி மெதுவாக இறங்குவதுதான் முறை. ஆனால் டீசலை மிச்சம் பிடி என்று முதலாளி நெருக்குகிற இடத்தில், கியரை நியூட்ரலில் போட்டு வண்டியைத் தானாக உருளவிடும் பழக்கம் வந்து சேர்கிறது. மிச்சமாவது சில ரூபாய் டீசல். பணயம் வைக்கப்படுவது இறக்கத்தின் அடியில் உள்ள ஊர்.

சாரதி ஏன் விரைகிறான்? குடித்துவிட்டு ஓட்டுகிறவனும், இரத்தத் திமிரில் ஓட்டுகிறவனும், பஸ்ஸோடு பந்தயம் போடுகிறவனும் இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிப்பட்டவனுக்கு நாம் வக்காலத்து வாங்கப் போவதுமில்லை. ஆயினும் இரவுக்கிரவு அவ்வழியே போகும் அத்தனை பேரும் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்ல முடியுமா? ஒரு சாரதியை எடுத்துக்கொள்வோம். காலையில் சந்தைக்கு வந்து வரிசையில் நிற்கிறார். வியாபாரி விலை படியும் வரை சரக்கை விடமாட்டார். விலை படிந்தபின் நாட்டாமைகள் வந்து ஏற்ற வேண்டும். பகல் முழுவதும் இப்படிக் கழிந்து, இருட்டிய பிறகே கயிறு இறுக்கிப் படங்கு மூடப்படுகிறது. கலேவெல, குருநாகல் வழியாகப் பேலியகொடை மெனிங் சந்தைக்கு விடியுமுன் சேர வேண்டும். பிந்தினால் விலை விழுந்துவிடும், விழுந்த விலைக்குப் பொறுப்பு லொறியின் தலையில். இவருக்குக் கூலி மாதச் சம்பளமாக அல்ல, நடைக்கு இவ்வளவு என்று. காத்திருந்த பகலுக்கு ஒரு சதமும் இல்லை. இரண்டாம் நடை அடித்தால்தான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். சந்தையிற் போன எட்டு மணிநேரத்தை இந்த மனிதர் எங்கே தேடிப் பிடிப்பார்? பாதையில்தான் தேட வேண்டும். அவர் கைக்கு எட்டுவது அது ஒன்றே.

ஆனால் பாதையில் அந்த நேரம் கிடைக்கிறதா என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தம்புள்ளையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். சராசரி 50-இல் போனால் மூன்று மணிநேரம். உயிரைப் பணயம் வைத்துச் சராசரியை 60-க்கு உயர்த்தினால் இரண்டரை மணிநேரம். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடைப்பட்ட சுமார் 45 கிலோமீற்றரில் 40-க்கும் 60-க்கும் உள்ள வேறுபாடு இருபத்திரண்டரை நிமிஷம். சந்தையில் எட்டு மணிநேரத்தை விழுங்கியவர்களுக்காகப் பாதையில் இருபத்திரண்டு நிமிஷத்தைப் பொறுக்கி எடுக்க ஒரு மனிதன் தன்னையும் பிறரையும் மரணத்துக்கு அருகே கொண்டுபோகிறான். வண்டி ஏற்றும் மேடையில் ஒரு மணிநேரத்தைக் குறைத்தால் பாதையில் எவரும் விரைய வேண்டியதில்லை. இந்த எளிய கழித்தற் கணக்கை எந்தக் கம்பெனியும் தன் கந்தோரில் செய்து பார்த்ததாகத் தோன்றவில்லை.

இப்பொழுது கம்பெனிகளின் வேகவிதிகளைப் பார்ப்போம். எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை ஓர் எல்லைக்கு மேல் தடுத்து வேகத்தைக் கட்டும் கருவிகள் உண்டு. வண்டி எங்கே, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று செய்மதி மூலம் கந்தோருக்குச் சொல்லும் ஜி.பி.எஸ். கருவிகளும் உண்டு. இவற்றை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். மெதுவாகப் போனால் டீசலும் டயரும் மிஞ்சும், அது முதலாளிக்கும் நன்மை. ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். வேகத்தை 80-இல் கட்டிவைத்த கருவி நெடுஞ்சாலைக்குப் பொருந்தும். நாலந்தாவின் வளைவில் 45-ஏ அதிகம் என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. மற்றது, வேகத்தைக் குறைத்துவிட்டு நேரத்தைக் கூட்டாத விதி விதியே அல்ல. முன்பு மூன்று மணியில் போன தூரத்திற்கு இனி நாலு மணி ஆகுமென்றால், அந்த ஒரு மணியை அட்டவணையிலும் கூலியிலும் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் சாரதி அதனைத் தன் உறக்கத்திலிருந்து எடுப்பார். வேகமாகப் போனவன் மோதுவதற்குப் பதிலாக, மெதுவாகப் போனவன் தூங்கி மோதுவான்.

இதிலே நம் மனத்தை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. அந்த ஜி.பி.எஸ். கருவி வண்டி ஓடுவதை மட்டும் குறித்து வைப்பதில்லை. வண்டி நிற்பதையும் குறித்து வைக்கிறது. எந்தச் சந்தை வாசலில், எந்தக் களஞ்சிய வாசலில், எத்தனை மணிநேரம் அந்த லொறி நின்றது என்பது நிமிஷத் துல்லியமாக அதில் இருக்கிறது. கந்தோரில் இருப்பவர் எதை வாசிக்கிறார்? 65 என்று காட்டிய அந்த மூன்று நிமிஷத்தை வாசிக்கிறார், விளக்கம் கேட்கிறார், சம்பளத்தில் வெட்டுகிறார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை வண்டி அசையாமல் நின்ற பகுதி அதே கடதாசியில், அதே பக்கத்தில் இருக்கிறது. அதை வாசித்து, ஏற்றுமிடத்தில் தாமதித்தவரிடம் விளக்கம் கேட்ட மனேஜர் எவரேனும் உளரா? ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு மேற்பார்வை என்று பெயர் சூட்டுவது பொருந்தாது.

வெளிநாடுகளில் இதை எப்படிப் பார்த்திருக்கிறார்கள்? இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி என்று வேலையை வரையறுத்தது. 2015இல் சரக்கு வண்டிகளுக்கு 80 கிலோமீற்றரில் கட்டும் கருவியையும் கட்டாயமாக்கினார்கள். ஏட்டில் உள்ளது வீதியில் எவ்வளவு உள்ளது என்பதை நாமக்கல் லொறிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஐரோப்பியர் இன்னும் ஆழமாகப் போனார்கள். கனரக லொறிகளை 90-இல் கட்டியதோடு நில்லாமல், நாலரை மணிநேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு என்று விதித்து, ஓட்டிய நேரத்தைக் கருவி பதியும்படி செய்தார்கள். 2006ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஒழுங்குவிதியின் பத்தாம் பிரிவில், நம்மவர் மொழிபெயர்த்துச் சுவரில் மாட்டத்தக்க ஒரு விஷயம் இருக்கிறது: வீதிப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில், ஓடிய தூரத்திற்கும் ஏற்றிய பாரத்திற்கும் தக்கபடி சாரதிக்குக் கூலியோ சன்மானமோ கொடுக்கலாகாது என்று கம்பெனிக்குத் தடை. வேகத்தின் வேர் கூலியில் இருக்கிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது!

அவுஸ்திரேலியாவில் 2014இல் நடைமுறைக்கு வந்த கனரக வாகனச் சட்டம் பொறுப்பை ஒரு சங்கிலியாகப் பார்க்கிறது. சாரதி மட்டுமல்லர், அவரை வேலைக்கு வைத்தவர், நேர அட்டவணை போட்டவர், சரக்கை அனுப்பியவர், பெற்றுக்கொள்பவர், ஏற்றி இறக்குபவர் யாவரும் அச்சங்கிலியின் கண்ணிகள். வேக எல்லையை மீறாமல் முடிக்க முடியாத அட்டவணையை ஒருவர் போட்டால், அவர் ஸ்டியரிங்கைத் தொடாதவராயினும் குற்றவாளிக் கூண்டில் ஏறலாம். தென்கொரியாவில் 2020 முதல் கொள்கலன், சீமெந்து லொறிகளுக்கு, கீழே போகக் கூடாத ஒரு வாடகையைச் சட்டப்படி நிர்ணயித்தார்கள். வாடகை போதியதாயின் சாரதி விரையவும் மிகைப்பாரம் ஏற்றவும் வேண்டியதில்லை என்பது அதன் தத்துவம். 2022 முடிவில் அச்சட்டத்தின் ஆயுள் தீரவிருந்தபோது, அதனைக் காக்கச் சாரதிகள் அவ்வாண்டில் இருமுறை வேலைநிறுத்தம் செய்தார்கள், அரசாங்கம் வேலைக்குத் திரும்பும்படி கட்டளையிட்டு அவர்களை அடக்கிற்று, சட்டமும் காலாவதியாயிற்று. 2025இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அதனை மீண்டும் நிறைவேற்ற வேண்டி வந்தது. வேகத்தைக் குறையுங்கள் என்று கேட்டு முதலாளிகள் அல்ல, தொழிலாளரே வீதிக்கு வந்த போராட்டம் அது.

நம் நாட்டில் என்ன நடக்கிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றும் அடிப்படை. வேகம் மீறியவரைப் பொலிஸார் மறித்தால் சாரதியின் அனுமதிப்பத்திரம் அவர்கள் கைக்குப் போகும். தண்டப்பணத்தைத் தபாற்கந்தோரிலோ இப்போது கைத்தொலைபேசி வழியாகவோ கட்டி மீட்க வேண்டும். கட்டுபவர் யார்? பல இடங்களில் சாரதியே. 2016 நவம்பரில் வரவுசெலவுத் திட்டத்தோடு, சில வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். தனியார் பஸ்கள் ஓடாமல் நின்று நாடு தத்தளித்தது நினைவிருக்கும். அந்தப் பட்டியலில் முதலாளியைத் தொடுவதாக, அனுமதிப்பத்திரம் இல்லாதவரைச் சாரதியாக அமர்த்தும் குற்றத்தைச் சேர்த்திருந்தார்கள், நன்று. ஆனால் இத்தனை மணிக்குள் போய்ச் சேர் என்று முடியாத கட்டளை இடுவதைக் குற்றமாகச் சேர்க்க எவர்க்கும் தோன்றவில்லை. ஒரு நடைக் கூலியே சில ஆயிரமாயிருக்கிறவரிடம் 25,000 கேட்டால் அவர் மெதுவாகப் போவார் என்று எண்ணினார்கள். அவர் அந்தப் பணத்தைத் தேட இன்னும் இரண்டு நடை அதிகமாக ஓடுவார் என்பதை எண்ணவில்லை.

முதலாளிமார் பக்கத்தில் நியாயமே இல்லையென்று நாம் கூறவில்லை. இந்நாட்டு லொறிகளில் ஏராளமானவை பெருங்கம்பெனிகளுடையவை அல்ல. லீசிங் பணத்தில் ஒரே ஒரு லொறி வாங்கி, தாமே ஓட்டுகிறவர்கள் பலர். 2022இல் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் கிடந்தவர்கள் அவர்கள். மாதம் பிறந்தால் தவணை. பிந்தினால் வண்டியைப் பிடித்துக்கொண்டு போக ஆட்கள் வந்து நிற்பார்கள். அத்தகையவர்க்கு முதலாளியும் தாமே, கூலியும் தாமே. அவரிடம் போய் வேகவிதி எழுது என்றால் யாருக்கு எழுதுவார்? அவருடைய வேகத்தை விதிப்பது சரக்குக்காரர் கொடுக்கும் வாடகையும் லீசிங் கம்பெனியின் திகதியும். அதனால்தான் பொறுப்பை லொறிச் சொந்தக்காரரோடு நிறுத்தாமல் சரக்கின் சொந்தக்காரர் வரை கொண்டுபோக வேண்டும் என்கிறோம். பேலியகொடையில் விலை பிந்தினால் விழுமென்றால், அந்த நட்டத்தை வியாபாரத்தின் நட்டமாக வியாபாரி ஏற்க வேண்டும். அதை லொறி வாடகையிற் பிடிப்பதைத் தடைசெய்ய வேண்டும்.

லொறிச் சாரதிகளுக்கும் ஒன்று சொல்வோம். தோட்டத் தொழிலாளி காலையிற் பெரட்டுக் களத்தில் நூறு பேரோடு நின்றான். அதனால் சங்கம் வந்தது. சங்கம் வந்ததால் சம்பளம் பேச இடம் வந்தது. நீங்கள் ஒருவர் ஒரு பெட்டிக்குள், இரவில், தனியே ஓடுகிறீர்கள். நூறு பேர் ஒரே வாசலில் நிற்பது தம்புள்ளைச் சந்தையில் காத்திருக்கும் அந்தப் பகற்பொழுதில் மட்டுந்தான். அந்தப் பகலுக்கு இன்று கூலியில்லை; ஆனால் அதில் ஒரு சங்கத்தைக் கட்டலாம். 1941ஆம் ஆண்டிலேயே சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது; மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கென்று ஒரு சபையும் உண்டு. அங்கே போய்க் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று உங்களுக்காகக் கேட்க ஒரு குரல் வேண்டாமா? சிங்களச் சாரதி, தமிழ்ச் சாரதி, முஸ்லிம் சாரதி என்ற பேதம் பலகடுவ இறக்கத்தில் செல்லாது. சந்தை வாசலிலும் செல்லாதிருக்கட்டும்.

அரசாங்கத்தாரிடம் நாம் கேட்பது பெரிய சட்டப்புத்தகம் அல்ல. தம்புள்ளை மத்திய நிலையம் அரசாங்கம் கட்டியது. அரசாங்க மேற்பார்வையில் நடப்பது. அதன் வாசலில் இன்றே ஒன்றைத் தொடங்கலாம். உள்ளே வரும் ஒவ்வொரு லொறிக்கும் வந்த நேரம், சரக்கு ஏறி முடிந்த நேரம், புறப்பட்ட நேரம், சாரதி கடைசியாக ஓய்வெடுத்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு துண்டில் எழுதி, ஒன்றைச் சாரதியிடமும் ஒன்றைச் சந்தைக் கந்தோரிலும் வைத்துக்கொள்ளட்டும். போய்ச் சேர வேண்டிய நேரம் எதுவென்று சரக்குக்காரர் அதே துண்டில் எழுதிக் கையொப்பமிடட்டும். நாவுலவில் பொலிஸார் ஒரு லொறியை மறிக்கும்போது சாரதியின் அனுமதிப்பத்திரத்தோடு அந்தத் துண்டையும் கேட்கட்டும். துண்டில் உள்ள நேரத்திற்குள் சட்டபூர்வமான வேகத்தில் போய்ச் சேர முடியாதென்று கண்டால், அழைப்பாணை துண்டில் கையொப்பமிட்டவருக்குப் போகட்டும். சந்தைக்கு அருகில் சாரதிகள் படுத்துறங்க ஒரு மண்டபமும், குளிக்கத் தண்ணீரும், விடியும்வரை வண்டிக்குக் காவலும் கொடுக்கட்டும். கண் அயர்ந்தால் சரக்குத் திருட்டுப் போகும் என்ற பயத்திலேயே ஸ்டியரிங்கின் மேல் தலைவைத்துக் கோழித்தூக்கம் தூங்குகிறவர் எத்தனை பேர்!

வேகவிதி வைத்திருக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த அறிவித்தலைக் கழற்ற வேண்டாம்; அது இருக்கட்டும். அதன் கீழே இன்னொரு கடதாசியை ஒட்டுங்கள்: இந்த நடைக்கு நாங்கள் கொடுத்திருக்கும் நேரம் இவ்வளவு, காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் கூலி இவ்வளவு, ஓடும்போது உம்மைக் கைத்தொலைபேசியில் கூப்பிட மாட்டோம் என்று எழுதி, மனேஜர் கையொப்பமிட்டு ஒட்டுங்கள்.